பிளாஸ்திரிக் கோடு

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்தப் பழமொழியை யார் சொன்னாலும் டாக்டர் யாழினிக்குப் பற்றிக்கொண்டு வரும். கூடம் நிஜமாகவே கோணலாக இருந்தால் அந்தப் பாவி என்ன செய்வாளாம்? அதையும் ஒரு வரி சேர்த்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் அந்தப் பழமொழிக்காரர். சொல்லவில்லை. அதனால் யாழினியும் வாயைத் திறக்காமல், ஸ்டூல் போட்டு ஏறி நின்று ஆபரேஷன் செய்துகொண்டிருந்தாள்.

திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவள் சர்ஜன். வயிற்றை நீளமாகக் கிழிக்காமல், சின்னச் சின்னத் துளை போட்டு, உள்ளே கேமராவை விட்டு, டிவியில் பார்த்துக்கொண்டே செய்கிற ஆபரேஷன் இருக்கிறதே, அதுதான் அவள் வேலை. படித்தவர்கள் லேப்ராஸ்கோபி என்பார்கள். நாக்கு புரளாதவர்கள் ஓட்டை ஆபரேஷன் என்பார்கள். எந்தப் பெயரில் சொன்னாலும் யாழினிக்கு அதன்மேல் உயிர். மாணவியாக இருந்தபோது ஒருமுறை வேடிக்கை பார்த்தவள்தான், அன்றைக்கே இதைத் தவிர வேறு எதுவும் செய்வதில்லை என்று முடிவு கட்டிவிட்டாள்.

ஆனால் ஆள் குள்ளம். பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க எம்ப வேண்டும் என்கிற அளவுக்குக் குள்ளம். இந்த ஆபரேஷனுக்கான கருவிகளோ முழ நீளம் இருக்கும். போதாததற்குக் காற்றை அடைத்து வயிற்றை வேறு உப்ப வைப்பார்கள். அதனால் மேசை நன்றாகத் தாழ்ந்திருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் முழங்கை இடுப்போடு ஒட்டிக் கிடக்கும், விரல் சொன்ன பேச்சைக் கேட்கும். மேசை உயர்ந்துவிட்டால், ஸ்டூல் போட்டு ஏறினாலும், முழங்கை இரண்டும் கோழி இறக்கை மாதிரி விரிந்துகொள்ளும். தோள் கடுக்கும். தோள் கடுத்தால் விரல் எங்கே அடங்கும்?

ரிமோட்டைத் தட்டினால் மேசை இறங்கப் போகிறது, இதற்கா இந்தப் பாடு என்று கேட்கலாம். அங்கேதான் இருக்கிறது விஷயம். மேசையைத் தாங்குகிற எஃகுத் தூணில் ஒரு வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அந்தக் கோடு வெளியே தெரிகிற வரைக்கும் மேசையை உயர்த்திவிட்டுத்தான் அங்கே எந்த ஆபரேஷனும் தொடங்கும். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே தியேட்டர் இன்சார்ஜ் மீனாம்பாள் சிஸ்டர் அவளைத் தனியாக அழைத்து, எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள், அந்தக் கோட்டை மட்டும் தொடாதே என்று சொல்லிவிட்டார். மீனாம்பாள் சிஸ்டர் ஒன்று சொன்னால் அந்த ஆஸ்பத்திரியில் அப்பீல் கிடையாது. யாழினியும் புரிந்துகொண்டாள். கோடு பெரிய டாக்டருடையது. சீஃப் சுப்புராமனின் உயரம். அவர் உயரத்துக்கு நிற்கிற மேசையை நேற்று வந்தவள் இறக்கச் சொல்வதா?

சுப்புராமன் கெட்டவர் இல்லை. கை வேலையில் சூரர், பேச்சில் கஞ்சர், அவ்வளவுதான். அவரிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஜூனியர்கள் உள்ளே தையல் போடும்போது கேமராவை அவரே பிடித்துக்கொள்வார். கூடவே நின்று பார்த்தால்தான் கற்றுக்கொடுக்க முடியும் என்பது அவர் கொள்கை.

அப்படித்தான் போன மாதம் ஒரு குடலிறக்க ஆபரேஷன். குடல் இறங்கின ஓட்டையை அடைக்க வலை வைத்தாயிற்று, அதை மூடித் தைக்க வேண்டியதுதான் பாக்கி. யாழினி தைக்க, சீஃப் கேமராவைப் பிடித்திருந்தார். முடிச்சுப் போடுகிற நேரத்தில் டிவியில் ஊசி ஆடியது. இம்மி ஆட்டத்தையும் முழம் ஆக்கிக் காட்டுகிற டிவி அது. யாழினி மூச்சைப் பிடித்தாள், நிறுத்தினாள், மறுபடி முயன்றாள். மறுபடியும் ஆடியது. சுப்புராமன் ஒன்றும் பேசாமல் அவள் கையிலிருந்த கருவியை வாங்கிக்கொண்டார். கேமராவை எதிரே நின்ற ஜூனியர் ஸ்ரீதரிடம் கொடுத்துவிட்டு மீதியைத் தானே தைத்து முடித்தார். நோயாளி மறுநாளே எழுந்து நடந்தார். யாழினிக்குத்தான் அன்றிலிருந்து நடை தளர்ந்துபோயிற்று.

ஏனென்றால் அதற்கப்புறம் அவளுக்கு ஊசியே வரவில்லை. சீஃப் தைத்தார், இல்லாவிட்டால் ஸ்ரீதர் தைத்தான். யாழினி கேமரா பிடித்தாள். ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் கேமராதான். ஸ்ரீதர் அவளுக்குப் பின்னால் வந்து சேர்ந்தவன். பனை மரம் மாதிரி வளர்ந்திருந்ததால் எந்த மேசையும் அவனுக்குப் பொருட்டில்லை. அவன் தைப்பதை அவளே கேமராவில் காட்டிக்கொண்டு நிற்பது இருக்கிறதே, அந்த வயிற்றெரிச்சலை யாரிடம் சொல்லி அழுவது?

பாலக்கரையில் தன் வாடகை வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் அவள் ஒரு அட்டைப்பெட்டி வைத்திருந்தாள். பெட்டியில் இரண்டு ஓட்டை, உள்ளே செல்போன் கேமரா, தைப்பதற்குக் கோழித்தோல். அங்கே தைத்துப் பார்த்தால் கை கல்லு மாதிரி நின்றது. ஒரு ஆட்டம், ஒரு அசைவு கிடையாது. அப்படியானால் தியேட்டரில் மட்டும் ஏன்? பயம்தான், நமக்கு இதற்கு ராசி இல்லை என்று அவளே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். முசிறியில் ஒரு நர்சிங் ஹோமில் பழைய மாதிரி ஆபரேஷன் செய்ய ஆள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வருகிற திங்கட்கிழமை சீஃபிடம் சொல்லிவிட்டு அங்கே போய்விடுவது என்று முடிவும் செய்துவிட்டாள். முடிவு செய்த அன்றைக்குக் குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாள்.

போவது போகட்டும், தோள் வலி கூடவே முசிறிக்கு வருமே. பாலக்கரையில் தும்மினால் ஆஸ்பத்திரியில் மருந்து சொல்வார்கள். ஆற்றைத் தாண்டினால் தன்னை யாருக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டு, சனிக்கிழமை சாயங்காலம் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினாள். வலது கையைத் தூக்க முடியாததால் இடது கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே காவிரிப் பாலத்தைக் கடந்தாள்.

தெற்கு வாசலில் இறங்கி நடந்தால், சித்திரை வீதியில் ஒரு பாத்திரக் கடை. அதன் மாடியில் நிஷாவின் பிசியோதெரபி கிளினிக். நிஷா வாயாடி, ஆனால் கெட்டிக்காரி. வலி எங்கே என்று கேட்டவள், எப்போது வரும் என்று கேட்டவள், ஆபரேஷனில் எப்படி நிற்பீர்கள், நின்று காட்டுங்கள் என்று மூலையில் கிடந்த இரண்டு குடைகளை எடுத்துக் கொடுத்தாள். யாழினி ஸ்டூலுக்குப் பதிலாக ஒரு மருந்துப் பெட்டிமேல் ஏறி நின்று, முழங்கைகளை விரித்து, இரண்டு குடைகளையும் கீழ்நோக்கிப் பிடித்து, எதிர்ச் சுவரில் இல்லாத டிவியை அண்ணாந்து பார்த்தாள்.

நிஷா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு அடங்கினதும் நிஜமாகவே கோபப்பட்டாள்.

"ஒரு மணி நேரம் இப்படியா நிக்கிறீங்க? ரெண்டு கையும் கழண்டு விழாம இருக்கே, அதைச் சொல்லுங்க. எந்தப் புண்ணியவான் அந்த மேசையை இந்த உயரத்துல வச்சது?"

யாழினி பதில் சொல்வதற்குள், பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அந்தப் புண்ணியத்துலதான்மா நானும் இங்க வந்து உக்காந்திருக்கேன்."

குடை இரண்டும் கீழே விழுந்தன. நிஷா திரையை விலக்கினாள். பனியனோடு, வலது தோளில் வெந்நீர் ஒத்தடப் பையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் சாட்சாத் சீஃப் சுப்புராமன். அவரும் ஆற்றைத் தாண்டினால் யாருக்கும் தெரியாது என்று வந்தவர்தான். இரண்டு பேரும் திருட்டு மாங்காய் தின்று பிடிபட்ட மாதிரி விழித்தார்கள்.

சுப்புராமன் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு, இதை ஆஸ்பத்திரியில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார். யாழினியும் அதையேதான் சொல்ல வாயெடுத்திருந்தாள். பிறகு பேச்சு மேசைக்கு வந்தது. அந்த உயரம் தனக்கும் அதிகம்தான், ரொம்ப நாளாகவே தோள் சரியில்லை என்றார் அவர். அது உங்கள் கோடு இல்லையா சார் என்றாள் யாழினி.

"என்னோடதா? மீனாம்பாள் சிஸ்டருக்குக் கழுத்து எலும்பு தேய்மானம், குனிய முடியாது. அவங்களுக்காக வச்ச கோடுன்னு நெனச்சேன். அவங்ககிட்ட போயி மேசையை இறக்குங்கன்னு யாரு சொல்றது?"

ஊரே அவரைக் கண்டு பயப்படுகிறது, அவர் மீனாம்பாள் சிஸ்டரைக் கண்டு பயப்படுகிறார். யாழினிக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம், ஆனால் வரவில்லை. முசிறி தொண்டையிலேயே நின்றுகொண்டிருந்தது. திங்கட்கிழமை வரைக்கும் வைத்திருந்து என்ன பிரயோஜனம் என்று அங்கேயே சொல்லிவிட்டாள். முசிறிக்குப் போகலாம் என்றிருப்பதாகவும், இந்த வேலைக்குத் தன் கை லாயக்கில்லை என்று தெரிந்துகொண்டதாகவும் சொன்னாள். சுப்புராமன் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. பிறகு தோளைத் தடவிக்கொண்டே, திங்கட்கிழமை பேசிக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். தடுத்து ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே என்று யாழினிக்கு நெஞ்சு கனத்துப்போயிற்று.

திங்கட்கிழமை முதல் கேஸ் ஜீயபுரத்துப் பிச்சை. வாழைத்தார் சுமந்து சுமந்து குடல் இறங்கிப்போன மனிதர். மயக்க மருந்துக்கு முன்னால் மேசைமேல் படுத்துக்கொண்டு, இன்றைக்கு முடிந்தால் நாளை தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகலாமா என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தார். மீனாம்பாள் சிஸ்டர் வழக்கம்போல ரிமோட்டை எடுத்துக் கோடு தெரிகிற வரைக்கும் மேசையை ஏற்றினார். அப்போது சுப்புராமன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக, அந்தக் கோடு யாருடையது என்று கேட்டார்.

சிஸ்டருக்கு முகம் மாறிவிட்டது. "என்ன சார் இப்படிக் கேக்குறீங்க? உங்களோடதுன்னுல்ல இத்தனை நாளா நான் கட்டிக் காப்பாத்திட்டு வரேன்!"

சிஸ்டரும் கையைத் தூக்கித் தூக்கிக் கருவி எடுத்துக் கொடுத்து, வீட்டுக்குப் போய்த் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவர்தான் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. மயக்க டாக்டரைக் கேட்டார்கள்; மேலே இருக்கிற விளக்குக்காக வைத்த உயரம் என்று நினைத்தேன் என்றார். ஸ்ரீதர் தனக்காகத்தான் என்று மனசுக்குள் பெருமைப்பட்டிருப்பான் போல, கூரையைப் பார்த்தான்.

கடைசியில் தியேட்டரைக் கழுவுகிற அம்மாசி அண்ணனைக் கூப்பிட்டார்கள். அவர் கதவுக்கு வெளியே நின்றபடியே எட்டிப் பார்த்து, அது நம்ம கோடு என்றார். சக்கரம் வைத்த தண்ணீர் வாளி வாங்கிக் கொடுத்தார்கள் அல்லவா, அதன் கைப்பிடி மேசையில் இடித்துக்கொண்டே இருந்ததாம். எவ்வளவு ஏற்றினால் வாளி அடியில் நுழையும் என்று பார்த்து, தெரிவதற்காக ஒரு துண்டுப் பிளாஸ்திரியை ஒட்டினாராம். காலையில் வந்தவர்கள் மேசையை இறக்கவில்லை, அவ்வளவுதான் கதை.

"பிளாஸ்திரி பிஞ்சா சிஸ்டரே புதுசு ஒட்டுவாங்க. நம்ம வாளிக்கு இவ்வளவு மரியாதையான்னு நெனச்சுக்குவேன்" என்றார் அம்மாசி அண்ணன்.

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. மீனாம்பாள் சிஸ்டரே சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒரு தியேட்டர் முழுக்க, படித்த கூட்டம், வருஷக்கணக்காக ஒரு வாளிக்குக் கைகட்டி நின்றிருக்கிறது. படுத்திருந்த பிச்சை தலையைத் தூக்கி, அப்படியானால் எனக்கு வாளி உயரமா டாக்டர் உயரமா, அதை முதலில் முடிவு பண்ணுங்கள் என்றார். அவருக்கு மயக்க மருந்து கொடுத்து அந்த வாயை அடைக்க வேண்டியிருந்தது.

மேசை இறங்கியது. யாழினியின் முழங்கை இடுப்போடு ஒட்டுகிற வரைக்கும் இறங்கியது. அவள் ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டுத் தரையில் நின்றாள். இந்தத் தியேட்டரில் தரையில் நிற்பது இதுதான் முதல் தடவை. போகிற நேரத்தில் கிடைத்தது பார், என்று நினைத்துக்கொண்டாள்.

கேமரா பிடிக்கத்தான் அவள் தயாராக நின்றாள். ஆபரேஷன் நன்றாகவே போயிற்று. சீஃப் இறங்கின குடலை உள்ளே இழுத்து, இடத்தைச் சுத்தம் செய்து, வலையை வைத்துப் பரப்பினார். தைக்கிற நேரம் வந்தது. சுப்புராமன் கருவியை அவள் பக்கம் நீட்டினார்.

யாழினி கை நீட்டவில்லை. எல்லோர் முன்னாலும் இன்னொரு தடவை அவமானப்பட அவளுக்குத் தெம்பு இல்லை.

"வேண்டாம் சார். அன்னிக்கே கை நடுங்கிச்சே."

"அன்னிக்கு நடுங்கினது உன் கை இல்லம்மா" என்றார் சுப்புராமன். "கேமரா. அதைப் புடிச்சிருந்தது நான்."

சுப்புராமன் டிவியைப் பார்த்துக்கொண்டே மீதியையும் சொன்னார். அன்றைக்குத் தோள் மரத்துப்போயிற்று, நீட்டிப் பிடித்த கை நிற்கவில்லை. ஒரே இடத்தில் நீட்டிப் பிடித்தால்தான் ஆட்டம், தைக்கும்போது கிடையாது. பயத்தில் அவள் கருவியைப் பிடுங்கிக்கொண்டார். அப்புறம் கேமராவைத் தொடவே அவருக்குத் தைரியம் வரவில்லை. இருக்கிறவர்களில் ஆடாத கை யாழினியுடையதுதான். அதனால்தான் அவளைக் கேமராவிலேயே நிறுத்தி வைத்தார். அவள் முசிறி என்று சொன்ன பிறகுதான் தான் செய்திருக்கிற காரியம் அவருக்கு உறைத்ததாம்.

"உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். கை ஆடினா ஊசி மட்டும் ஆடும். கேமரா ஆடினா படம் மொத்தமும் ஆடும். மொத நாள் பாடம் இது."

முதல் நாள் பாடம்தான். யாழினி அந்தப் படத்தை இப்போது நினைத்துப் பார்த்தாள். குடல் ஆடியது, சதை ஆடியது, வலை ஆடியது, எல்லாம் சேர்ந்துதான் ஊசியும் ஆடியது. கண்ணால் பார்த்தாள்தானே? ஆனால் கேமரா சீஃப் கையில் இருந்தது. சீஃப் கை ஆடும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தன் கையைத்தான் சந்தேகப்பட்டாள். வாளிக்குக் கைகட்டி நின்ற மாதிரியேதான் இதுவும்.

அவளுக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுததெல்லாம் ஞாபகம் வந்தது.

"ஒரு மாசமா நான் சரியாத் தூங்கல சார்."

"தப்பு என்னோடதும்மா" என்றார் சுப்புராமன். சொன்னவர் அதற்குமேல் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அது ஒன்றுதான் அவளுக்குப் பிடித்திருந்தது.

யாழினி கருவியை வாங்கிக்கொண்டாள். அவள் கையிலிருந்த கேமராவை வாங்கிக்கொள்ள ஸ்ரீதர் கையை நீட்டினான். அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"சாரே புடிக்கட்டும். இப்ப மேசை இறங்கியிருக்கில்ல. முழங்கையை இடுப்போட ஒட்டி வச்சுக்குங்க சார், தோளை இறக்கி விட்டுருங்க."

மீனாம்பாள் சிஸ்டரின் கண்கள் மாஸ்க்குக்கு மேலே அகல விரிந்தன. சீஃபுக்கே உத்தரவா? சுப்புராமன் கேமராவை வாங்கினார். சொன்னபடி தோளை இறக்கினார், முழங்கையை ஒட்டி வைத்துக்கொண்டார். டிவியில் படம் ஒருமுறை அசைந்து, பிறகு நின்றது. அப்படியே நின்றது. அவர் மூச்சை மெல்ல விடுவது யாழினிக்குக் கேட்டது.

அவள் ஊசியை இறக்கினாள். விரல் நினைத்த இடத்துக்குப் போனது. நூலைச் சுற்றினாள், இழுத்தாள், முடிச்சு வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. அட்டைப்பெட்டியில் உட்காருமே, அதே மாதிரி. அடுத்த தையல். அதற்கடுத்தது. சந்தோஷத்தில் அவளுக்கு உரக்கக் கத்த வேண்டும்போல இருந்தது. கண்ணைத் துடைக்க முடியாதே என்பதற்காக அழாமல் இருந்தாள்.

பாதித் தையல் போனதும் சுப்புராமன் மெதுவாக, யாரிடமோ கேட்பது போலக் கேட்டார்.

"அப்புறம், முசிறிக்கு என்னிக்குப் போற?"

யாழினி டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பேச்சுக் குடுக்காதீங்க சார். படம் ஆடுது."

படம் ஆடவேயில்லை. இருந்தாலும் சுப்புராமன் முழங்கையை இன்னும் கொஞ்சம் இடுப்போடு ஒட்டிக்கொண்டார்.